சலேத்து கை காட்டினாள்

சலேத்து வலது கையை நீட்டினால் அவளுக்குப் பின்னால் இருக்கிற உயிரெல்லாம் வலது பக்கம் திரும்பும் என்பதைக் காரையாம்பாட்டுச் சனங்கள் முதலில் ஆடுகளை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள். உப்பளத்துக்கும் மாதா கோயிலுக்கும் நடுவில் வெட்டவெளியாகக் கிடக்கும் தரவையில், மாசி மாதத்து வெயில் சாய்ந்த நேரத்தில், அவள் தன் புருஷனுடைய பழைய மோட்டார் சைக்கிளை நடக்கிற வேகத்தைவிட மெதுவாக ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். மேய்ச்சல் முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த இசக்கிமுத்துவின் நாற்பது ஆடுகளும் அவள் முதுகுக்குப் பின்னால் வந்த நேரத்தில் அவள் கையை நீட்டினாள். ஆடுகள் ஊர்ப் பாதையை விட்டுவிட்டு, ஒன்றுகூடக் கத்தாமல், வலது பக்கம் திரும்பி உப்பளத்து வரப்பில் ஏறின. இசக்கிமுத்து கம்பை ஓங்கிக்கொண்டு அவற்றை மறிக்க ஓடினார். ஓடியவர் அவளுக்குப் பின்னால் வந்ததும், கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவரும் வரப்பில் ஏறினார்.

சலேத்துக்கு அன்றைக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. முப்பத்துநான்கு வயதில் மோட்டார் சைக்கிள் பழகுகிறவளுக்குக் கவனிக்க வேறு காரியங்கள் இருந்தன. அவள் கரையில் மீன் எடுத்து உள்பக்கத்து ஊர்களில் விற்கிறவள். மீன் கூடையைப் பார்த்ததும் பஸ்காரர்கள் நிறுத்தாமல் போகத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது; கையை உயர்த்தி உயர்த்தித் தோள் வலித்து, ஐஸ் உருகி, மீன் கண் வெளுத்து, பாதி நாள் கூடையோடு திரும்பி வருவாள். புருஷன் ரெமிசியுஸ் கொல்லத்தில் விசைப்படகுக்குப் போய்விட்டு வருஷத்தில் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிறவன். அவன் விட்டுப்போன வண்டி கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. லைசென்ஸ் மட்டும் கைக்கு வந்துவிட்டால் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு பத்து ஊருக்குப் போகலாம்.

லைசென்ஸ் வேண்டுமென்றால் எட்டு போட வேண்டும். தரையில் சுண்ணாம்பால் வரைந்த எட்டின் மேல், காலை ஊன்றாமல், வண்டி அணையாமல், இரண்டு சுழியையும் சுற்றி வர வேண்டும். நடுவில் கையால் சைகையும் காட்ட வேண்டும். வலது கையை நேராக நீட்டினால் வலது பக்கம், நீட்டிய கையை வட்டமாகச் சுழற்றினால் இடது பக்கம், உள்ளங்கை கீழே பார்க்க மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைப்பு, கையை உயரத் தூக்கினால் நிறுத்தம். ஆக்சிலேட்டரும் வலது கையில்தான் இருக்கிறது. அந்தக் கையை எடுத்தால் வண்டி திணறும், திணறினால் சாயும், சாய்ந்தால் கால் தானாகத் தரைக்குப் போகும். சலேத்துக்கு முதல் சுழி வந்துவிடும். இரண்டாவது சுழியில் கால் போய்விடும்.

அவளுடைய நாத்தனார் பிரகாசிதான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவருவாள். ரெமிசியுஸின் தங்கை, இறால் கம்பெனியில் வேலை, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். "கால ஊனாதீய மைனி! ஊனாதீய!" என்று அவள் போடுகிற சத்தம் கடல் வரைக்கும் கேட்கும். ஆடுகள் வரப்பில் ஏறிய நாளுக்கு மறுநாள், சலேத்து கையை நீட்டியதும், பிரகாசி கேரியரை விட்டுவிட்டு வலது பக்கம் திரும்பிக் கருவேலங்காட்டுக்குள் நடந்துபோனாள். சலேத்து வண்டியைப் போட்டுவிட்டு அவளைத் தேடி எதிரே போய் நின்ற பிறகுதான் பிரகாசி நின்றாள். காலெல்லாம் முள் கீறியிருந்தது.

"ஏட்டி, எங்க போற?"

"எனக்கே இந்தப் பக்கம் போவணும்னு தோணிச்சு மைனி," என்றாள் பிரகாசி. "நீங்க சொல்லி வந்த மாதிரியே இல்ல. நானா முடிவு பண்ணுன மாதிரிதான் இருந்துச்சு."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. பங்குச்சாமியார் ஒருநாள் சாயங்காலம் தரவைக்கு வந்து, அவளுக்குப் பின்னால் நின்று, இடது பக்கம் திரும்பி, இரண்டு பனைமரத் தூரம் நடந்து பார்த்துவிட்டு, "இதுல பாவம் ஒண்ணும் இருக்கிற மாதிரி தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரும் அதற்கு மேல் காரணம் கேட்கவில்லை. அதை எதற்கெல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் யோசித்தது. ஒரு வாரத்திலேயே நுணுக்கங்களும் தெரிந்துவிட்டன. கைக்கு மட்டும்தான் அந்த வித்தை, வண்டியின் இண்டிகேட்டருக்கு இல்லை. முன்னால் இருக்கிறவர்களை அது தொடாது. ஒரு தடவை கைக்கு அடங்கியவர்கள் அவளுடைய முதுகு தெரிகிற வரைக்கும் பின்னாலேயே வருவார்கள். அவள் வண்டியோடு திரும்பி முகத்தைக் காட்டிவிட்டால் அவரவர் சோலிக்குக் கலைந்துபோவார்கள். சைகை காட்டாமல் அவள் நின்றுவிட்டால் மட்டும் ஆபத்து. பின்னால் வருகிறவர்கள் நிற்கமாட்டார்கள், ஒருவர் மேல் ஒருவராக ஏறி விழுவார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போக அடம்பிடித்த பிள்ளைகளை அவள் கூட்டிக்கொண்டு போன ஒரு காலையில் வண்டி அணைந்து, பிள்ளைகள் குவியலாக விழுந்து, ஒருத்திக்கு முன்பல் போனது.

அதற்காக யாரும் அவளைக் கோபிக்கவில்லை. மறுநாளும் பிள்ளைகளை அனுப்பினார்கள். சாராயக்கடையில் கிடந்த புருஷன்மார்களை வீட்டுக்குக் கொண்டுவரப் பெண்கள் அவளைக் கூப்பிட்டார்கள், அவள் கடை வாசலில் ஒரு சுற்று சுற்றிக் கை காட்டிவிட்டு வர, எட்டுப் பத்துப் பேர் வரிசையாக, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி பின்னால் நடந்து வந்தார்கள். திருவிழாச் சப்பரம் முதலில் கீழத்தெருவுக்கா மேலத்தெருவுக்கா என்று வருஷாவருஷம் மண்டை உடையும். அந்த வருஷம் சலேத்து முன்னால் போய்க் கையைச் சுழற்ற, சப்பரம் தூக்கியவர்களும் கல் எடுத்து வைத்திருந்தவர்களும் ஒன்றாக இடது பக்கம் திரும்பினார்கள். ஒருத்தருக்கும் காயமில்லை. பஞ்சாயத்தில் கூடி, அவள் வண்டி வரும் நேரத்தில் தெருவில் நிற்க விரும்பாதவர்கள் வீட்டுக்குள் ஏறிக்கொள்ள வேண்டும், அவளும் ஹாரன் அடித்துக்கொண்டு வர வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அதன் பிறகு சிலர் வேண்டுமென்றே வந்து நிற்கத் தொடங்கினார்கள். பெண்டாட்டி செத்துப்போன ஒருவர், மகன் கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருத்தி, இப்படி. தரவையில் அவள் எட்டு போடும்போது அவர்களும் பின்னால் எட்டு நடப்பார்கள். யோசிக்காமல் நடப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்றார்கள்.

சலேத்துக்கும் அது பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அவள் சொல்லி யாரும் நின்றதில்லை, திரும்பியதில்லை. கையை நீட்டியதும் முதுகுக்குப் பின்னால் அத்தனை காலும் மணலில் திரும்புகிற சரசரப்பு கேட்கும்போது, அவளுக்கு நெஞ்சுக்குள் சூடாக ஏதோ இறங்கும்.

ஆனால் லைசென்ஸ் கிடைக்கவில்லை. டவுனில் ஆர்.டி.ஓ. மைதானத்தில் அவள் சைகை காட்டியதும் வரிசையில் நின்ற பதினோரு பேரும் வண்டிகளை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் நடந்தார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் பேனாவும் கையுமாக அவர்களோடு நடந்தார். அந்தக் கூட்டத்தின் பாரம் முதுகில் அழுத்த, இரண்டாவது சுழியில் அவள் காலை ஊன்றினாள். இரண்டாவது தடவையும் அதேதான். இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. சட்டையிலிருந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "டெஸ்ட் எடுக்கிறவனே உங்க பின்னால வந்தா யாரும்மா மார்க் போடுறது? மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன்" என்றார். பதில் வரவில்லை. அவள் கையிலிருந்த பழகுநர் உரிமம், எல்.எல்.ஆர்., காலாவதியாக மூன்று வாரம்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் இறால் கம்பெனியில் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். குளிர் அறையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். மற்றவர்கள் வெளியே ஓடலாம் என்றால் கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வேலை நேரத்தில் யாரும் எழுந்து போகக் கூடாது என்று போட்ட தாழ்ப்பாள். யாரோ தட்டுகிற சத்தம் கேட்டுக் காவல்காரர் திறக்கிற வரைக்கும் நூற்றெண்பது பெண்கள் முந்தானையை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அவர்களில் பிரகாசியும் ஒருத்தி. மறுநாளிலிருந்து தினமும் காலையில் கோயிலிலிருந்து உப்பளத்துச் சாலை வழியாக ஊர்வலமாகப் போய் கம்பெனி வாசலில் உட்கார்ந்தார்கள். தாழ்ப்பாளை எடு, குழாயை மாற்று. பிரகாசிதான் சத்தம் கொடுக்கிறவள். பதினோரு நாளில் அவள் தொண்டை தகரம் மாதிரி ஆகியிருந்தது.

பதினோராம் நாள் மத்தியானம் மேனேஜர் சுந்தரவதனம் சலேத்தின் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தாழ்ந்த குரல், செருப்பை வெளியிலேயே கழற்றி வைக்கிற மனுஷன்.

"நான் ஒண்ணும் கெட்டவன் இல்லம்மா," என்றார். "குழாயை மாத்தத்தான் போறோம். ஆனா அவங்க வெளியே உக்காந்திருக்கும்போது மாத்துனா, பயந்து மாத்துன மாதிரி ஆயிடும். நாளைக்குக் காலைல ஊர்வலத்துக்கு முன்னால நீங்க வண்டியில வாங்க. கம்பெனி வாசல் சாலைக்கு வலது கைப் பக்கம் இருக்கு. ஒரு தடவை கையை நீட்டுனாப் போதும்."

சலேத்து கழுவிய மீன் கூடையைக் கவிழ்த்து வைத்தாள்.

"உங்க டெஸ்ட் விஷயம் கேள்விப்பட்டேன். பின்னால ஆள் இல்லாத இடமா, தனியா ஒரு நாள் வைக்கச் சொல்லி நான் ஏற்பாடு பண்ணுறேன். எல்.எல்.ஆர். முடியறதுக்குள்ள."

அவர் போன பிறகு அரை மணி நேரத்தில் பிரகாசி வந்தாள். தெருவில் எல்லாம் கேள்விப்பட்டுவிட்டு வந்திருந்தாள். தண்ணீர்ச் செம்பை அப்படியே தூக்கிக் குடித்தாள்.

"வரமாட்டேன்னு சொன்னீயளா?"

"ஒண்ணும் சொல்லலட்டி."

"அப்ப வாங்க." சலேத்து நிமிர்ந்து பார்த்தாள். பிரகாசியின் குரல் இறங்கிப்போனது. "வந்து வாசல்ல கையத் தூக்குங்க. நிறுத்துங்க எங்கள. உள்ள போவணும்னு ஏழெட்டுப் பேரு பேசிக்கிடுதாவ மைனி. தெரசம்மா அழுதுக்கிட்டே இருக்கா. நாளைக்கு ஒருத்தி உள்ள போனா நாளக்கழிச்சு அம்பது பேரு போவாவ. இன்னும் நாலு நாள் தாங்குனா அவனே எறங்கி வருவான். என்னால இனி கத்த முடியல. நீங்க கையத் தூக்குனா ஒருத்தியும் அசையமாட்டா."

"நீயும் அதத்தான கேக்க, அந்த ஆளு கேட்டதத்தான?"

"அவன் எதுக்குக் கேக்கான், நான் எதுக்குக் கேக்கேன்!"

சலேத்து அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இரண்டு பேரிடமும் முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் இருந்திருக்கலாம். ஆனால் நூற்றெண்பது பேர் தன் கைக்குப் பின்னால் வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு அவளுக்குள் எட்டிப்பார்த்தது, அதைத் தள்ளவும் முடியவில்லை. மறுநாள் காலையில் கோயில் வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, தான் யாருக்காக வந்திருக்கிறோம் என்பது அவளுக்கே தெரியாது.

பெண்கள் அவளைப் பார்த்து ஒதுங்கவில்லை. பஞ்சாயத்து எழுதி வைத்தபடி அவள் ஹாரன் அடித்தாள், விலகிப் போக விரும்பியவர்கள் போகலாம், ஒருத்தியும் போகவில்லை. பதினோரு நாள் வெயிலில் உட்கார்ந்து களைத்துப்போனவர்கள், யாராவது நடத்திப் போனால் தேவலை என்ற முகத்தோடு பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். சலேத்து முதல் கியரில் வண்டியை நகர்த்தி, உப்பளத்துச் சாலையில் திரும்புவதற்காகக் கையைச் சுழற்றினாள். அவ்வளவுதான், கட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

அந்தச் சாலை இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகளுக்கு நடுவில் மேடாகப் போகிறது. எதிரெதிரே இரண்டு வண்டி ஒதுங்கிப் போகலாம், அவ்வளவு அகலம். ஓரத்தில் கால் தவறினால் இடுப்பளவு உவர்த்தண்ணி. தூரத்தில் கம்பெனியின் பச்சைக் கதவு இரண்டு பக்கமும் மடக்கித் திறந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை.

முதலில் அவளுக்கு அந்தச் சூடு நெஞ்சுக்குள் இறங்கியது. பிறகு சத்தம் கேட்டது. நூற்றெண்பது பேர் நடந்தால் சாலையில் செருப்புச் சத்தமும் பேச்சும் இருமலும் கொலுசும் கலந்து கேட்க வேண்டும். கேட்டது ஒரே சத்தம். ஒரே கால். தொம், தொம் என்று ஒரு பெரிய கால் மட்டும் அவளுக்குப் பின்னால் நடந்து வந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். முன்வரிசையில் பிரகாசி வந்துகொண்டிருந்தாள். பதினோரு நாளாகக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தவளின் முகம் மழுமழுவென்று இருந்தது, பாலுண்டு தூங்குகிற பிள்ளையின் முகம் மாதிரி. கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணில் தாழ்ப்பாளும் இல்லை, அமோனியாவும் இல்லை, அண்ணன் வீடும் இல்லை. பக்கத்தில் தெரசம்மாளுக்கும் அதே முகம். உள்ளே போகலாம் என்று அழுதவளுக்கும் போகக் கூடாது என்று கத்தியவளுக்கும் ஒரே முகம்.

சலேத்து கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தாள். பச்சைக் கதவு நூறடி தூரத்தில் இருந்தது.

கையை நீட்டினால் உள்ளே போவார்கள். கையைத் தூக்கினால் வெளியே நிற்பார்கள். இரண்டும் செய்யாமல் வண்டியை நிறுத்தினாலோ, இறங்கினாலோ, பின்னால் வருகிற அந்தப் பெரிய கால் நிற்காது. முன்வரிசை விழும், அடுத்த வரிசை அதன் மேல் விழும், ஓரத்தில் நடப்பவர்கள் உவர்த்தண்ணிக்குள் போவார்கள். அவள் கிளட்சை அரைவாசி பிடித்துக்கொண்டு, வண்டி விழுந்துவிடாத அளவுக்கு மட்டும் ஆக்சிலேட்டரைக் கொடுத்து, எறும்பு ஊர்கிற மாதிரி போனாள். பின்னால் கால் சத்தமும் மெதுவானது. மேனேஜர் கையை உயர்த்தி, வாங்க வாங்க என்று காட்டினார். எண்பதடி. அறுபதடி.

அந்த அகலத்துக்குள் வண்டியைத் திருப்ப வேண்டும். கையை எடுக்காமல், காலை ஊன்றாமல், அணையவிடாமல். எட்டின் இரண்டாவது சுழி அது. இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அவளுக்கு வராத சுழி.

அவள் சாலையின் இடது ஓரத்துக்கு ஒதுங்கினாள். முன்சக்கரத்துக்குக் கீழே மண் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. ஹேண்டில்பாரை முழுசாக வலது பக்கம் ஒடித்தாள், தலையையும் தோளையும் திரும்பப் போகிற பக்கம் பார்த்துத் திருப்பினாள், பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஆக்சிலேட்டரைக் கொடுத்தாள். வண்டி சாய்ந்தது. வலது கால் பெடலை விட்டு எழும்பிவிட்டது. தரைக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை. ஊனாதீய மைனி என்று சொல்ல ஆள் இல்லை, சொல்ல வேண்டியவள் தூங்குகிற முகத்தோடு அவளை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். சலேத்து பல்லைக் கடித்துக்கொண்டு காலை மேலே இழுத்தாள். எஞ்சின் இருமியது, இரண்டு தடவை இருமியது, அணையவில்லை. முன்சக்கரம் எதிர் ஓரத்துப் புல்லைத் தொட்டு, நொடி நேரம் அங்கேயே தத்தளித்து, உள்ளே வந்தது. வண்டி நிமிர்ந்தபோது நூற்றெண்பது முகங்களும் அவளுக்கு எதிரே இருந்தன.

பெரிய கால் சத்தம் நின்றது. அப்புறம் ஒருத்தி இருமினாள். இன்னொருத்தி, "இங்க எப்ப வந்தோம்?" என்றாள்.

"பிரகாசி," என்று கூப்பிட்டாள் சலேத்து. "நான் ஒண்ணும் காட்டமாட்டேன். கதவு தொறந்துதான் கெடக்கு. யாருக்கு எங்க போவணுமோ போங்க."

பிரகாசியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. வந்ததும் கோபத்தில் சிவந்தது. "இப்பிடி விட்டுட்டுப் போறதுக்கா வந்தீய?" என்று கத்தினாள். சலேத்து அவர்களுக்கு நடுவே வழி கேட்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஊரைப் பார்த்து ஓட்டினாள். நடுவில் போகும்போது முன்பக்கத்துப் பெண்களுக்கு அவள் முதுகு தெரியத்தான் செய்தது. அவள் கை ஹேண்டில்பாரை விட்டு எழவில்லை.

அன்றைக்கு ஏழு பேர் உள்ளே போனார்கள். தெரசம்மாளும் போனாள். மற்றவர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அவர்கள் போட்ட சத்தம் முன்னெப்போதும் போடாத சத்தம் என்று உப்பளத்தில் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். உள்ளே போன தெரசம்மாள் குளிர் அறை வாசலில் நின்று, தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்து, "இத எடுத்தாத்தான் உக்காருவேன், சார்" என்று மேனேஜரிடம் சொன்னாளாம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாதவள். உள்ளே போன மற்ற ஆறு பேரும் அவள் பக்கத்தில் நின்றார்கள். வாசலில் உட்கார்ந்தவர்களை என்ன செய்வது என்று மேனேஜருக்குத் தெரிந்திருந்தது; உள்ளே வந்து நிற்கிறவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து வெல்டிங்காரர் வந்து தாழ்ப்பாளை அறுத்தெடுத்தார். குழாயை மாற்ற இன்னும் மூன்று மாதமும் வாசலில் இன்னொரு உட்காரலும் ஆனது.

எல்.எல்.ஆர். முடிய ஒரு நாள் இருக்கும்போது இன்ஸ்பெக்டரிடமிருந்து ஆள் வந்தது. டெஸ்ட் எடுக்கிறவர் எங்கே நிற்க வேண்டும் என்று விதியில் எதுவும் சொல்லப்படவில்லை என மேலிடத்திலிருந்து பதில் வந்திருந்தது. அவர் மைதானத்திலிருந்து எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, மாடி ஜன்னலில் நின்று பார்த்தார். சலேத்து இரண்டு சுழியும் போட்டாள். கையை நீட்டினாள், சுழற்றினாள், தாழ்த்தினாள், தூக்கினாள். மைதானத்து மூலையில் நின்ற ஒரு மாடு மட்டும் எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டது.

பிரகாசி இரண்டு மாதம் பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், சோற்றை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துபோவாள். சலேத்து விடியற்காலையில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்ப் பத்து ஊரிலும் மீன் விற்றுவிட்டு வந்தாள். வளைவு வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்த்து, யாரும் இல்லை என்று தெரிந்த பிறகே கையை எடுத்தாள். அப்படியும் தப்பிப்போய் சில நாள் ஆடுகள் வந்தன. ஒருநாள் ஒரு தபால்காரர் மூன்று கிலோமீட்டர் வந்துவிட்டார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் பிரகாசி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தொழிலாளர் ஆபீஸில் குழாய் விஷயமாகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, பஸ்ஸைத் தவறவிட்டிருந்தாள். முச்சந்தி வந்தது. டவுனுக்குப் பெரிய ரோடு வலது பக்கம். எதிரே லாரி ஒன்று வந்துகொண்டிருந்ததால், பழக்கத்தில், பின்னால் ஆள் இருப்பதை மறந்து, சலேத்து வலது கையை நேராக நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் உறைத்தது.

முதுகில் ஒரு விரல் குத்தியது.

"அங்க எதுக்குப் போறீய?" என்றாள் பிரகாசி. "ஆபீஸை மாத்திட்டாவ. எனக்கு இடது பக்கம் போவணும்."

சலேத்து கையை மடக்கிக்கொண்டு, காலை ஊன்றாமல், இடது பக்கம் திரும்பினாள்.